மணலோடு ஒரு கோடை
(மூன்றாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

வல்லக்கோட்டை என்றதும், நண்பர்களே, 7 அடி உயர முருகன்தான் உங்கள் நினைவுக்கு வருவார். எனக்கோ, பூச்சு வேலை முடியாமல் செங்கல் தெரிய நின்ற எங்கள் வீடுதான் நினைவுக்கு வரும். ஆற்று மணல் விற்ற விலைக்கு அப்பாவின் கூலி எட்டவில்லை.

2023 கோடை விடுமுறையில் தாய்மாமன் என்னைக் கிண்டிக்கு அழைத்துச் சென்றார். குதிரைப் பந்தயத் திடலின் நடுவே அப்போது நடந்துவந்த கோல்ஃப் மைதானத்தில் அவருக்குப் புல்தரை வேலை. பந்துக்குத் தடையாக அங்கே மணல் குழிகள் உண்டு, 'பங்கர்' என்பார்கள். ஸ்காட்லாந்துக் கடற்கரையில் காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் உண்டாக்கிய பள்ளங்களே முதல் பங்கர்கள் என்று சொல்வதுண்டு. ஆடு செய்த பள்ளத்தை மனிதன் கூலி கொடுத்துக் காக்கிறான்!

ஆட்டம் தொடங்குமுன், விடியற்காலையில் எங்கள் வேலை. குழியின் அடியில் 4 அங்குலம், சரிவில் 2 அங்குலம் மணல் வேண்டும். மழை பெய்தால் சரிவு மணல் வழிந்து அடியில் சேரும். அதை மண்வெட்டியால் மேலேற்றி, கம்பி குத்தி ஆழம் பார்த்து, பல்வாரியால் இழுத்துச் சமன் செய்து, நம் காலடித் தடத்தையும் அழித்துக்கொண்டே பின்னோக்கி வெளியேற வேண்டும். உருண்டை மணல் சரிவில் நிற்காது. முனையுள்ள மணலே நிற்கும். மாமா இதை விரல் நுனியால் அறிவார். நமக்கு ஆய்வகத்தில் உருப்பெருக்கி வேண்டும்.

ஒரு நாள் பழைய மணலை அள்ளி ஓரமாகக் குவித்தோம்.

"மாமா, ரெண்டு மூட்டை நம்ம வீட்டுக்குக் கேட்டுப் பாருங்களேன்."

அவர் பேசவில்லை. கண்ணாடித் தம்ளரில் அந்த மணலைப் போட்டு, நீரூற்றிக் கலக்கி வைத்தார். டீ குடித்து வந்து பார்த்தோம். மணலுக்கு மேல் விரற்கடை கனத்துக்கு வண்டல்!

"இதனாலதான்டா குழியில தண்ணி தேங்குது. சுவத்துல பூசினா உதிர்ந்துடும்" என்றார். சற்றுப் பொறுத்து, தாழ்ந்த குரலில், "போன வருஷமே நான் கேட்டு வாங்கி எங்க வீட்டுல பூசிப் பார்த்துட்டேன்" என்றார்.

என் கூலியில் எம்-சாண்ட் வாங்கினோம். முன்சுவருக்கு மட்டுமே போதியது. கொத்தனார் மட்டப்பலகை இழுத்து முடித்ததும், அம்மா ஆசையாய்ச் சுவரைத் தொடப் போனாள்.

"தடம் பதிஞ்சிடும்மா!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன்.