சில நாள் விருந்தாளி

2024-ஆம் ஆண்டு தவக்காலத்தின் முதல் வாரம். விடியற்காலைப் பூசைக்குக் கோயிலைத் திறக்கச் சென்ற கோயில்பிள்ளை பாதி வழியில் திரும்பி வந்து, "சாமி, நம் கேட்டில் யாரோ நாயைக் கட்டிப் போட்டுப் போயிருக்கிறார்கள்" என்றார்.

போய்ப் பார்த்தேன். அறைவீட்டு வாயிற்கம்பியில் ஒரு முழத் தேங்காய்நார்க் கயிறு. அதன் முனையில் உயரமான வெள்ளை நாய் ஒன்று. இராசபாளையத்து இனம் என்பது இளஞ்சிவப்பு மூக்கைக் கண்டதும் விளங்கிற்று. ஒரு காலத்தில் பாளையக்காரர் மனைகளைக் காத்த இனம். இதுவோ விலா எலும்பு தெரிய, பின்னங்கால்களை மடக்கவும் நீட்டவும் மாட்டாமல் அமர்ந்திருந்தது. தலைக்கு மேலே திருந்தாதி மணி முழங்கியபோதும் அது காதை அசைக்கவில்லை.

அரசு கால்நடை மருந்தகத்து மருத்துவர் தேய்ந்த பற்களைப் பார்த்து, "பத்து வயதுக்குக் குறையாது சாமி" என்றார். இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டென்றும், இதுவும் அப்படி இருக்கலாமென்றும் சொன்னார். வெறிநோய்த் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுத்தார். தூங்கும்போது பின்புறமாக நின்று தொடாதீர்கள், திடுக்கிட்டுக் கடித்துவிடும். தரையை மிதித்து எழுப்புங்கள் என்று எச்சரித்தார். "சில நாள் வைத்திருக்கிறேன், பிறகு ஓர் இடம் பார்க்கலாம்" என்று சொல்லி அழைத்து வந்தேன். அந்தச் சில நாள் மூன்று மாதமாயிற்று.

பெயர் வைத்தால் பிறகு கொடுக்க மனம் வராது என்று அஞ்சி நான் பெயர் வைக்கவில்லை. செவிட்டு நாய்க்குப் பெயர் எதற்கு என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். தோபித்து ஆகமத்தில் வரும் நாய்க்கும் பெயர் இல்லை. இளைஞன் தோபியா புறப்படும்போது அது கூடப் போகிறது; திரும்பி வரும்போது கூட வருகிறது. இடையிலே அது என்ன தின்றது, எங்கே படுத்தது என்று ஆகமம் சொல்லவில்லை. எனக்கோ அந்த இடைக்காலந்தான் வாய்த்தது: வராந்தாவில் ஒரு சாக்கு, தயிர் பிசைந்த சோறு, தினம் ஓர் அவித்த முட்டை.

அந்த முட்டைதான் வினையாயிற்று. ஒரு ஞாயிறன்று பூசை முடிந்ததும் பங்குப் பெரியவர் ஒருவர், "வாசலில் ஏழைகள் நிற்கிறார்கள், தவக்காலத்தில் நாய்க்கு முட்டையா சாமி?" என்று கேட்டுவிட்டார். முட்டை என் தட்டிலிருந்துதான் போயிற்று. ஆயினும் அவரை நான் தள்ளிவிடவில்லை. 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2418-ஆம் எண்ணைப் புரட்டினேன். விலங்குகளைத் தேவையின்றி வதைப்பது மனித மாண்புக்கு ஒவ்வாது என்கிறது. மனிதத் துயர் துடைக்க வேண்டிய பணத்தை அவற்றிற்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. மனிதருக்கே உரிய பாசத்தை அவற்றின்மேல் வைக்கலாகாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. கணக்குப் பார்த்தால் பணத்தில் குற்றம் இல்லை. ஆனால் அந்த வாரத்தில் நான் நோயாளிகளைச் சந்தித்த வீடுகள் இரண்டு. நாயோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த மாலைகள் ஐந்து. அதை அவரிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

இடம் தேடினேன். வந்தவர்களெல்லாம் "காவலுக்கு ஆகுமா?" என்றார்கள். ஆகாது. குட்டி எடுக்கலாமே என்று ஒருவர் கேட்டார். அவரைக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன். கடைசியில் வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மனைவியை அடக்கம் செய்து ஓராண்டு, மக்கள் வளைகுடாவில். "எனக்கும் காது மந்தந்தான் சாமி. ஒருவரையொருவர் கூப்பிட வேண்டிய அவசியமில்லை" என்றார்.

முதல் இரவு அது உண்ணவில்லையாம். அவர் தம் பாயை வராந்தாவில் விரித்து அதன் அருகே படுத்திருக்கிறார். அது பழகும்வரை, இரண்டு வாரமாவது நான் போகக்கூடாதென்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒன்பதாம் நாளே போய்விட்டேன். நாய் மெல்ல எழுந்தது. என் கையை முகர்ந்தது. வாலை இருமுறை ஆட்டியது. பிறகு திரும்பிப் போய் ஆசிரியரின் காலடியில் படுத்துக்கொண்டது. இருபத்தாறு ஆண்டுகளில் ஆறு பங்குகளை விட்டுப் பிரிந்தவன் நான். ஒவ்வொரு முறையும், புதிய சாமியோடு மக்கள் விரைவில் ஒன்றிவிட வேண்டுமென்று மன்றாடியிருக்கிறேன். அந்த மன்றாட்டில் எவ்வளவு உண்மை இருந்ததென்று அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

விடைபெறும்போது ஆசிரியர் வாசல்வரை வந்தார். "சாமி, நான் முந்திக்கொண்டால் இது என்ன ஆகும்?"

"அறைவீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள் ஐயா. சாக்கு அங்கேயே கிடக்கிறது."

"அப்போது எந்தச் சாமி இருப்பாரோ?"

என்னிடம் பதில் இல்லை. வீடு திரும்பியதும், எனக்குப் பின் வருபவருக்காக வைத்திருக்கும் பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பேட்டை எடுத்தேன். கல்லறைத் தோட்டத்துச் சாவி, கெபியின் மின்கட்டணம், சுற்றுச்சுவர் வழக்கு ஆகியவற்றுக்குக் கீழே ஒரு வரி எழுதினேன்: "தலைமையாசிரியர் வீட்டு வெள்ளை நாய். வயது பத்துக்கு மேல். காது கேளாது. தூங்கும்போது பின்புறமாகத் தொட வேண்டாம்."