நடு ஆசனத்துப் பட்டி

குடும்பத்துக்கென நடுத்தர அளவுக் கார் ஒன்று வாங்க எண்ணி, கொழும்பிலே பாவித்த கார் ஒன்றைப் பார்வையிடச் சென்றோம். விற்பவர் அதன் பெருமைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார்: பின்னோக்கிச் செல்கையில் வழிகாட்டும் கமெரா, வேகந் தணிகையில் சில்லுகளின் சுழற்சியிலிருந்தே மின்கலத்துக்கு மின்னூட்டும் ஹைபிரிட் அமைப்பு, திடீரென நிறுத்தினாலும் சில்லுகள் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் பிரேக். யாவும் மெச்சத்தக்கனவே.

எமது தாயாரோ பின்னாசனத்தின் நடுவிலே கையை விட்டுத் துழாவினார். “பேத்தி இருக்கப்போற இடத்துக்குப் பட்டி எங்கே, தம்பி?” என்றார். அதன் பூட்டு, அழகுக்காகத் தைத்துப் போட்ட ஆசன உறையின் கீழ்ப் புதைந்து கிடந்தது.

தோளையும் இடுப்பையும் ஒருங்கே தாங்கும் இவ்வகைப் பட்டியை அமைத்தவர், சுவீடனின் வொல்வோ நிறுவனத்துப் பொறியியலாளர் நீல்ஸ் போலின். 1959 இல் அந்நிறுவனம் அதனைத் தன் கார்களிற் பொருத்தியது. பிற நிறுவனங்களும் தடையின்றிப் பயன்படுத்த இடமளித்தது. உலகுக்கென விட்டுக்கொடுக்கப்பட்ட அதனை நாம் உறை போட்டு மூடிவிடுகிறோம்!

எமது பழைய காரிலும் அத்தகைய உறைதான். 12 வயது மகளை இத்தனை காலமும் பட்டியின்றியே அதில் இருத்திச் சென்றிருக்கிறோம். புதிய காரின் விலை இன்னும் தீரவில்லை. ஆயினும் அன்று மாலையே கத்தரிக்கோலை எடுத்துப் பழைய உறையை வெட்டினோம்.