ஓடுற மிருகமும் மூணு தோட்டாவும்

வேட்டைக் கதைன்னா எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஒரு கிறுக்கு. இத்தனைக்கும் துப்பாக்கியைத் தொட்டதுகூட கிடையாது :)

சினிமாவுல ஹீரோ ஓடுற புலியை நேரா குறிபார்த்துச் சுடுவார், அதுவும் விழும். நிஜத்துல அப்படிச் சுட்டா தோட்டா புலிக்குப் பின்னாடிதான் போகும். சின்னக் கணக்குதாங்க. நொடிக்கு 700 மீட்டர் போற தோட்டா 100 மீட்டரைத் தாண்ட நொடியில் ஏழில் ஒரு பங்கு ஆகும். அதுக்குள்ள மணிக்கு 40 கிலோமீட்டர்ல ஓடுற மான் ஒன்றரை மீட்டர் நகர்ந்திருக்கும். அதனால மிருகத்துக்கு முன்னாடி, வெத்து இடத்தைத்தான் சுடணும். சுட்ட பிறகும் துப்பாக்கியை நிறுத்தாம மிருகத்தோட கூடவே திருப்பணும். இதை ஒலிம்பிக்ஸ்லயே வெச்சிருந்தாங்க, ஓடும் மான் பொம்மையைச் சுடுற போட்டி. 1908-ல் லண்டனில் தங்கம் வாங்கின ஸ்வீடன்காரர் ஆஸ்கர் ஸ்வானுக்கு அப்ப வயசு 60!

ஆனா பொம்மை திரும்பிப் பாயாது. ஜிம் கார்பெட்டைப் படிச்சப்பதான் இது உறைச்சுது. ஆட்கொல்லியைத் தேடிப் போறப்ப காற்று எந்தப் பக்கம்னு பார்த்துக்கிட்டே இருப்பார். மனுஷனுக்கு மோப்பம் தெரியாதுங்கிறது புலிக்குத் தெரியாதாம். மத்த மிருகங்கள்கிட்ட வர்ற மாதிரியே காற்றுக்கு எதிரா நம்மகிட்ட வரும். ஆக, காற்று முகத்துல அடிச்சா ஆபத்து முதுகுல. அதுக்காகவே நேரா நடக்காம வளைஞ்சு வளைஞ்சு நடப்பார். குறிபார்க்கிறதைவிட இதுதான் பெரிய வித்தைன்னு நான் சொல்லுவேன்.

1907, குமாவுன் மலையில சம்பாவத். 436 பேரைக் கொன்ன பெண்புலி. கார்பெட் எடுத்துட்டுப் போனது மூணே மூணு தோட்டா. ஊர்க்காரங்க கத்திக் கலைக்க, புலி வெளியே வந்தது. முதல் தோட்டா வீண். ரெண்டாவது, குறி வெச்ச இடத்துக்குச் சற்றுப் பின்னால பட்டது. அந்தத் துப்பாக்கி கடல்மட்டத்துக்குச் சரிபண்ணினது, மலை உயரத்துல தோட்டா மேலே ஏறிப் போகுது. மூணாவது தோள்ல. புலி விழலை. கையில தோட்டா இல்லை!

ஓடிப்போய் தாசில்தாரோட பழைய துப்பாக்கியை வாங்கிட்டு வந்து, இருபதடியில நின்னு, திறந்திருந்த வாயைக் குறிவெச்சுச் சுட்டார். புலி அப்படியே சரிஞ்சது. அப்புறம் பார்த்தா குண்டு பட்டது வாயில இல்லை, வலது முன்னங்கால் பாதத்துல. உயிரை எடுத்தது முன்னாடி பட்ட காயங்கள்தான்.