ஆர் கூடப் போறது?

இந்திய மெடிக்கல் விசாவில் நோயாளியோடு கூடப் போக இரண்டு பேருக்கு இடமுண்டு. அவர்கள் இரத்த உறவாக இருக்கவேண்டும். வேலூரிலிருந்து ஆஸ்பத்திரிக் கடிதம், இங்கத்தைய டாக்குத்தரின் ரிப்போர்ட், வங்கிக் கணக்கு, வெள்ளைப் பின்னணியில் இரண்டு அங்குலச் சதுரப் படம் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தன. அம்மா அந்த இரத்த உறவு வரியில்தான் இடறி நின்றார். "அப்ப அக்கா வரேலாதோ?"

அக்கா பக்கத்து வளவுக்காரர். எந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன், எது பின், எந்த இரவு அம்மாவுக்கு மூச்சு முட்டியது எல்லாம் அவருக்கு மனப்பாடம். அண்ணா கொழும்பில், நான் வவுனியாவில். ஃபோமில் எங்கள் பெயர்கள்தான் ஏறின.

அப்பாவை வைத்தியத்துக்கு இந்தியாவுக்குக் கொண்டுபோன காலம் வேறு. தொண்ணூறுகளின் தொடக்கம், ஆனையிறவுப் பாதை அடைபட்டுக் கிடந்தது. யாழ் குடாநாட்டை விட்டு வெளியேறப் புலிகளிடம் பாஸ் எடுக்கவேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று இங்கே ஒருவர் பிணை நிற்கவேண்டும். அக்காதான் கையெழுத்து வைத்தார். பிறகு கிளாலிக் கடல். இருட்டில் வள்ளம், நேவி வந்துவிடுமோ என்ற பயம், அப்பாவின் மடியில் சொப்பின் பைக்குள் எக்ஸ்ரே படம். வவுனியாவில் விசாரணை. கடைசியாகக் கொழும்பு, காலி வீதி, இந்திய உயர்ஸ்தானிகராலயத்துக்கு முன்னால் விடியமுன்னம் வரிசை. விசா என்பது அந்தப் பயணத்தில் கடைசிக் கதவு மட்டுமே.

இன்று அந்த அலைச்சல் இல்லை. 2010இல் யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் வந்துவிட்டது. 2019இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் தொடங்கி, கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் மறுபடி பறந்தது.

எங்களுக்கு முன்னமே ஒரு டாக்குத்தரும் இங்கிருந்து இந்தியாவுக்குக் கடல் கடந்திருக்கிறார். அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் வைத்தியம் தொடங்கினார். 1836இல் சென்னைக்குப் போய்விட்டார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் தொடங்கியதுதான் நாங்கள் போகவிருந்த இன்றைய சிஎம்சி ஆஸ்பத்திரி. பண்டத்தரிப்பு அம்மாவின் ஊர். இதைச் சொன்னபோது அம்மா சிரித்தார். "எங்கட ஊர் டாக்குத்தற்ர பேத்தியின்ர ஆஸ்பத்திரி எண்டு எழுதன். அதுவும் ஒரு உறவுதானே."

வேலூரில் ஆஸ்பத்திரிக்கு எதிரே லொட்ஜ் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காள எழுத்து. வங்கதேசத்திலிருந்தும் அவ்வளவு பேர் வந்திருந்தார்கள். வெளிநாட்டார் என்பதால் எங்களுக்கும் அவர்களுக்கும் லொட்ஜ்காரர் ஒரே 'சி' ஃபோமை நிரப்பினார். தமிழ் பேசிக்கொண்டே அந்நியராகக் கையெழுத்து வைத்தோம்.

டாக்டர் முதலில் கேட்டது, மூச்சு முட்டல் எப்போது தொடங்கியது, படுத்தால் கூடுமா, கால் எப்போது வீங்கியது. நான் அண்ணாவைப் பார்த்தேன். அண்ணா என்னைப் பார்த்தார். வாட்ஸப்பில் அக்காவைக் கூப்பிட்டோம். அவர் ஊரிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, டாக்டர் எழுதிக்கொண்டே போனார். முடிந்ததும், "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"பிணை நிண்டவ" என்றார் அம்மா.

டாக்டருக்கு விளங்கவில்லை. "சொந்தக்காரர்தான் டாக்டர்" என்று அண்ணா சொல்ல, அவர் அப்படியே குறித்துக்கொண்டார்.