உம்மம்மாவின் மூன்று வட்டங்கள்

வாழ்க்கை ஒரு பயணம் என்று அடிக்கடி எழுதுகிறோம். அந்தப் பயணத்தில் நம்மோடு கூட வருபவர்கள் யார்? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் டோனி அன்டனூச்சி பல்லாண்டுகளாக ஆராய்ந்து வரும் கேள்வி இது. 1980 இல் ரொபர்ட் கான் என்பவருடன் சேர்ந்து அவர் முன்வைத்த கருத்துக்குக் 'கொன்வோய்' என்று பெயர். ஒருவருக்கொருவர் காவலாகச் சேர்ந்து செல்லும் தொடரணி என்பது அதன் பொருள். யுத்த காலத்தைக் கண்ட நம் பெற்றோருக்கு இந்தச் சொல் புதியதல்ல.

அவரது முறை எளிமையானது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்கள் வரைந்து, நடுவில் 'நான்' என்று எழுத வேண்டும். யார் இல்லாமல் வாழ்வை நினைக்கவே முடியாதோ அவர்கள் முதல் வட்டத்தில். அவர்களுக்கு அடுத்தபடியானவர்கள் இரண்டாவதில். சற்றுத் தள்ளியிருந்தாலும் முக்கியமானவர்கள் மூன்றாவதில்.

எங்கள் குடும்பம் முருங்கனைச் சேர்ந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மம்மா பிள்ளைகளோடு புத்தளம் போனார். யுத்தம் முடிந்தபின் உம்மாவும் வாப்பாவும் ஊர் திரும்பினர். உம்மம்மா திரும்பவில்லை. முழங்கால் வலியோடு அவர் அங்கே தனியாக இருப்பது உம்மாவுக்குப் பெரும் கவலை. ஒவ்வொரு விடுமுறையிலும் இதே வாக்குவாதம்தான்.

கடந்த விடுமுறையில் கொப்பியில் வட்டங்களை வரைந்தேன். உம்மம்மா பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் வட்டத்தில் உம்மா, மாமா, அடுத்ததாகப் பக்கத்து வீட்டு ராத்தா. கிடுகுக் கொட்டில் காலத்திலிருந்தே அயலவர். மாமாவுக்குக் காய்ச்சல் கண்ட இரவில் ஆஸ்பத்திரிக்குக் கூடவே நடந்தவர். இரண்டாம் வட்டத்தில், முருங்கன் வயலில் அரிவுவெட்டுக்கு ஒன்றாக நின்ற கத்தோலிக்கத் தோழி. மூன்றாம் வட்டம் வெறுமையாகவே இருந்தது.

"அந்த ஆக்களெல்லாம் அப்பவே சிதறிப் போயிட்டாங்க மகள்" என்றார்.

நெருங்கிய உறவுகள் பெரும்பாலும் நிலைத்திருக்கும், வெளிவட்டத்து உறவுகள் இடமும் தொழிலும் மாறும்போது எளிதில் மாறிவிடும் என்பது அன்டனூச்சியின் விளக்கம். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் லோரா கார்ஸ்டென்சனோ, வயது கூடக்கூட மனிதர்கள் மனதுக்கு நெருக்கமான சிலரையே தேர்ந்து வைத்துக்கொள்கிறார்கள் என்கிறார். அப்படியானால் உம்மம்மாவின் மறுப்பு வெறும் பிடிவாதம் அல்ல. எஞ்சியிருக்கும் ராத்தாவையும் விட்டு வந்தால், அது அவருக்கு இன்னொரு இடம்பெயர்வு. இம்முறை அது பிள்ளைகளின் அன்பினால் நேரும்.

உம்மா அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அரிவுவெட்டுக்காவது வந்து ஒரு மாசம் நில்லுங்களேன்" என்றார்.

"ராத்தாவும் வாறதெண்டா நானும் வாறன்" என்றார் உம்மம்மா.

உம்மாவின் கவலை தீர்ந்துவிடவில்லை. ஆனால் இப்போது ராத்தாவுக்கும் தொலைபேசி எடுத்துப் பேசுகிறார். உம்மம்மா நேரத்துக்கு மருந்து குடித்தாரா என்பதை அவரிடமே கேட்டறிகிறார்.

பெற்றோர்களே, முதியவர்களை உங்களோடு அழைத்துக்கொள்ள நினைப்பது நல்ல எண்ணம். அதற்கு முன் அவர்களது முதல் வட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு பெயரும் அதில் இருக்கக்கூடும்.