"விசை தீர்ந்துவிட்டது" என்று சொன்ன மாணவன்



இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊரொன்றில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடம் 'இயக்க விதிகள்'. ஆண்டுதோறும் பள்ளி திறந்ததும் நான் தொடங்கும் பாடமும் அதுவே. நியூட்டனின் மூன்று விதிகளையும் உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிழையின்றிச் சொல்வேன் என்ற எண்ணம் எனக்கு நெடுங்காலம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் அந்த எண்ணத்தைத் திருத்தினான். பெற்றோருக்கும் பயன்படக்கூடும் என்பதால் அதனை இங்கே எழுதுகிறேன்.

அன்று வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். "கேரம் பலகையில் காயைச் சுண்டுகிறோம். அது சிறிது தூரம் ஓடி நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது?"

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவன் வாப்பா மீன்பிடித் தொழில் செய்பவர். அதிகம் பேசாத பிள்ளை. "நாம கொடுத்த விசை தீர்ந்துபோச்சு சார்" என்றான்.

"விசை என்ன மண்ணெண்ணெயா, தீர்ந்துபோவதற்கு?" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் அமர்ந்துவிட்டான். உராய்வு விசையே காயை நிறுத்துகிறது என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, முதல் விதியை எல்லோரையும் மனப்பாடம் செய்யச் சொன்னேன். பாடம் முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்று வாரங்கள் கழித்து அவனுடைய உம்மா பள்ளிக்கு வந்தார். "பய இனி ஸ்கூலுக்கு வரமாட்டேங்கிறான் சார். வாப்பாகூட கடலுக்குப் போறேங்கிறான். எனக்குப் படிப்பு ஏறாது, சாரே சிரிச்சுட்டாருங்கிறான்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்குப் பெருஞ்சுமையாக இருந்தது. பிறரை எள்ளி நகையாடுவதை நம் மார்க்கம் எவ்வளவு வன்மையாகத் தடுத்திருக்கிறது என்பதை அறிந்தவன் நான். ஆயினும் வகுப்பறையில் சொன்ன ஒரு வேடிக்கைப் பேச்சு அந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

மறுநாள் ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் கடற்கரைக்குச் சென்றேன். படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. அவர்களுடைய படகு கரைக்கு வெகுதூரத்தில் இருக்கும்போதே இஞ்சினின் ஓசை நின்றுவிட்டது. ஆனால் படகு நிற்கவில்லை. நீரைக் கிழித்தபடி வந்து, வேகம் குறைந்து, மணலை மெல்லத் தொட்டது. சுக்கானைப் பிடித்திருந்தவன் என் மாணவன்.

என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். "அவ்வளவு தூரத்திலேயே இஞ்சினை ஏன் அணைத்தாய்?" என்று கேட்டேன்.

"அங்கேயே அணைச்சாத்தான் சார் கரையில மெதுவா வந்து நிக்கும். மீன் நிறைய இருந்தா இன்னும் முன்னாடியே அணைக்கணும். பாரம் கூடினா படகு லேசுல நிக்காது."

நான் வாயடைத்து நின்றேன். நிறை கூடினால் நிலைமம் கூடும் என்று நான் கரும்பலகையில் எழுதியதை, அவன் கைகள் ஏற்கெனவே அறிந்திருந்தன. மெல்லக் கேட்டேன்: "இஞ்சின் அணைந்த பிறகு படகை எது தள்ளியது?"

சற்று யோசித்தான். "ஒண்ணும் தள்ளல."

"பிறகு எது நிறுத்தியது?"

"தண்ணிதான். எதுத்து நிக்குதுல்ல."

"தண்ணீரும் காற்றும் எதிர்க்கவே இல்லையென்றால்?"

நீண்ட நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நிக்கவே நிக்காது சார். போய்க்கிட்டே இருக்கும்" என்றான்.

முதல் விதியை அவன் மனப்பாடம் செய்யவில்லை, கண்டுகொண்டான். அவனுடைய வாப்பாவின் முன்னிலையிலேயே அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். "நாளைக்கு வருவான் சார்" என்றார் அவர்.

அன்றிரவு பழைய நூல்களை எடுத்துப் புரட்டினேன். 'விசை தீர்ந்துவிட்டது' என்பது அறிவற்றவன் சொன்ன விடையன்று. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோபோனஸ் என்னும் அறிஞர், எறியப்பட்ட பொருளுக்குள் எறிந்தவன் ஓர் ஆற்றலைப் பதிக்கிறான், அது தானாகவே தேய்ந்து தீர்ந்துபோகிறது என்று கருதினார். ஏறத்தாழ அதையே என் மாணவனும் சொன்னான். பதினோராம் நூற்றாண்டில் இப்னு சீனா அந்தக் கருத்தைத் திருத்தினார். எறியப்பட்ட பொருள் பெறும் நாட்டத்தை அவர் 'மைல்' என்றார். அது தானாகத் தீர்வதில்லை, வெளியிலிருந்து வரும் தடையே அதனைத் தேய்க்கிறது என்றார். வெற்றிடத்தில் எறியப்பட்ட பொருள் நிற்காது என்பது வரை அவருடைய சிந்தனை சென்றது. எனினும் அப்படிப்பட்ட இயக்கத்தை எங்கும் காணமுடியாததால், வெற்றிடமே இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

நியூட்டனின் விதியை நம்மவரே கண்டுபிடித்துவிட்டார் என்று பெருமை பேசுவதற்காக இதனைச் சொல்லவில்லை, அது உண்மையுமன்று. கலீலியோ சாய்தளங்களில் பந்துகளை உருட்டி அளந்த பிறகு, 1687இல் நியூட்டனின் நூல் வெளிவந்த பிறகே அந்த விதி இன்றைய வடிவம் பெற்றது. பேரறிஞர்களுக்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்த ஒரு தெளிவை, பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ஐந்து நிமிடத்தில் எதிர்பார்த்து நான் சிரித்தேன். எனக்கு உறுத்தியது அதுதான்.

மறுநாள் பாடத்தை மீண்டும் தொடங்கினேன். முதலில் வகுப்பின் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுடைய விடைக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வரலாறு இருக்கிறது என்று விளக்கினேன். பின்னர் ஓர் அட்டையைச் சாய்த்து வைத்து, ஒரே உயரத்திலிருந்து ஒரு கோலிக்குண்டை உருளவிட்டோம். முதலில் மணலில், அடுத்துச் சாக்கின் மேல், பிறகு சிமெண்டுத் தரையில், இறுதியாகக் கண்ணாடித் தகட்டில். பரப்பு வழவழப்பாக ஆக ஆகக் குண்டு ஓடிய தூரம் கூடிக்கொண்டே போனது. விசை தீர்வதென்றால் நான்கிலும் ஒரே தூரத்தில் அல்லவா தீர்ந்திருக்க வேண்டும் என்று மாணவர்களே கேட்டார்கள். கேரம் பலகையில் பவுடர் தூவுவதன் காரணத்தை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் பாடத்தின் மற்றப் பகுதிகளையும் வீட்டிலிருந்தும் கரையிலிருந்தும் எடுத்துக்கொண்டோம். பாயை உதறினால் தூசி தனியே பிரிவது நிலைமத்தால். 100 கிராம் பொருளை உள்ளங்கையில் தாங்கும்போது உணரும் விசை ஏறக்குறைய 1 நியூட்டன். கழியால் கடலடியைப் பின்னோக்கித் தள்ளினால் படகு முன்னோக்கிச் செல்வது மூன்றாம் விதி. பேருந்து திடீரென நிற்கும்போது நாம் முன்னே சாய்வதைச் சொல்லிவிட்டு, மூவராக மோட்டார் சைக்கிளில் விரைபவர்களுக்கு அதே விதி என்ன செய்யும் என்றும் கேட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது.

பெற்றோர்களே! பிள்ளை தவறான விடை சொன்னால், "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று ஒருமுறை கேளுங்கள். பிள்ளை எதைக் கண்டு அப்படி நினைத்தான் என்பது அந்தக் கேள்வியில்தான் வெளிப்படும். அதனைக் கேட்கத் தவறியதால் ஒரு மாணவனை நான் இழக்க இருந்தேன். அல்லாஹ் காப்பாற்றினான்.

அவன் அந்த ஆண்டு தேர்ச்சி பெற்றான். தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன் ஒரு மாலை, அஸருக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் என்னை நிறுத்தினான்.

"சார், படகை நிறுத்துறது தண்ணின்னு சொன்னேன்ல. அப்போ படகுகிட்ட இருந்த அந்த வேகம் எங்கே போகுது?"

இந்த முறை நான் சிரிக்கவில்லை. "வா, உட்கார்ந்து பேசுவோம்" என்றேன்.