மீனை விடுகிற ஊரும் மீனைத் தின்கிற ஊரும்

ஜேர்மன்காரர் சிரிக்காத சனம் என்று எங்கள் கடற்கரை ஊரான பாப்பாமோட்டையில் எங்களுக்கு ஓர் எண்ணம். 2023 பெப்ரவரியில் அம்மாவோடு கொலோனிலுள்ள அக்கா வீட்டுக்குப் போகும்வரை அது கலையவில்லை. வியாழன் பின்னேரம் வேலையால் வந்த அத்தானின் கழுத்தில் பாதி ரைதான் தொங்கியது. அன்று பெண்களின் ஆட்சியாம். கந்தோரில் ஒருத்தி கத்தரிக்கோலோடு வந்து வெட்டிவிட்டாளாம். கோபிக்கக் கூடாதாம்.

தவக்காலம் தொடங்குமுன் இறைச்சியையும் கொழுப்பையும் தின்று தீர்த்து ஆடுகிற பழைய வழக்கத்தைக் கொலோன்காரர் 1823இல் குழு அமைத்து ஒழுங்காக்கினார்கள். நாங்கள் பார்த்தது 200ஆவது ஆண்டு விழா. திங்கள் ஊர்வலம் றைன் நதியின் மறுகரையில் தொடங்கிப் பாலம் கடந்து வந்தது. வண்டிகளிலிருந்து இனிப்பும் பூவும் வந்து விழுந்தன. சனம் குடையைத் தலைகீழாக விரித்து ஏந்தியது. “தின்கிற சாமானை எறியிறாங்களே!” என்று அம்மா முகம் சுளித்தார். எங்கள் ஊரில் தவக்காலம் நெருங்கினால் வீட்டில் சத்தமே தணிந்துவிடும்.

செவ்வாய் இரவு மதுக்கடை வாசலில் தொங்கிய வைக்கோல் பொம்மையை இறக்கி, விழாக்காலப் பாவங்களையெல்லாம் அதன் தலையில் சுமத்தி, ஒப்பாரி வைத்து எரித்தார்கள். “பாவம் செய்தது இவையள், எரியிறது வைக்கலோ?” என்றார் அம்மா. “பகிடிதானே, அம்மம்மா” என்று என் மருமகள், அக்காவின் மகள், சொன்னதற்கு அவர் பதில் பேசவில்லை. வீடு வரை இருவருக்கும் முறுகல்.

மறுநாள் திருநீற்றுப் புதன். திங்களன்று கோமாளி மூக்கோடு ஆடிய பக்கத்து வீட்டுக் கிழவி, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். மேசையில் ஹெரிங் மீன்; வெண்ணிறப் பாலாடைக் குழம்பில் ஆப்பிளும் வெங்காயமும் மிதந்தன. பக்கத்தில் அவித்த உருளைக்கிழங்கு. இறைச்சி கூடாது, மீன் ஆகும் என்பது திருச்சபை விதி. கடலில்லாத கொலோனுக்கு உப்பிட்ட ஹெரிங் அந்தக் காலத்தில் பீப்பாய் பீப்பாயாய் றைன் வழியே வந்ததாம்.

அம்மா உருளைக்கிழங்கை மட்டும் எடுத்தார். “ஒருசந்தி நாளில மச்சமோ? கடற்கரையில பிறந்தவளுக்கு மீனை விடுறதுதானே ஒறுத்தல்.” மருமகள் மொழிபெயர்த்ததும் கிழவி முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். பிறகு சொன்னார்: தனக்கு மீனை விடுவது கஷ்டமில்லை, அதனால் உயிர்ப்பு ஞாயிறு வரை பியரையும் சொக்கிலேற்றையும் விடுகிறாராம்.

“அப்ப சரி,” என்று அம்மா தலையாட்டினார். “விட ஏலாததைத்தான் விடுறா.” அதன் பிறகு, கிழவி மனம் கோணக் கூடாதென்று ஹெரிங் குழம்பிலிருந்த ஆப்பிள் துண்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டார்.

கொலோன் விழாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் திங்கள் ஊர்வலத்தோடு புறப்பட்டுவிடுகிறார்கள். புதன் வரை நில்லுங்கள். அந்த ஆட்டத்துக்குக் கணக்குத் தீர்க்கிற நாள் அதுதான்.